கூட்டக் குறிப்பில் ஒரு திருத்தம்

முகிலா,

நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிடுகிறேன். பெட்டி கட்டியாயிற்று, ஃபிரிட்ஜை விற்றாயிற்று, செப்டம்பர் முதல் வாரம் பெர்த்துக்கு விமானம் என்று உன் மனைவி நேற்றுதான் செராஸிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து சொன்னாள். ஆகவே நீங்கள் இருவரும் நலம் என்று தெரியும். கிள்ளானில் நாங்களும் நலம். இதை வாட்ஸ்அப்பில் சொல்லித் தொலைத்திருக்கலாம். மூன்று முறை குரல் பதிவு செய்தேன், மூன்றையும் அழித்தேன். வாயால் பேசும்போது உன் அப்பா எப்படியாவது நழுவிவிடுவான் என்பது உனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் கூட்டக் குறிப்பு எழுதும் அதே மேசையில், அதே நீலப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். இருபது வருஷமாக இந்தத் தாமான் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்து பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவன், பெற்ற பிள்ளைக்கு எழுதும் முதல் கடிதம் இது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

போன மாதம் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் நம் பின்வரிசை வீட்டுக்காரர், வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பேசினார். "பையன் ஆஸ்திரேலியா போறானாமே அண்ணே?" என்றார். "ஆமா, பெர்த்து" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "அன்னிக்கு மெர்டேக்காவுக்குக் கொடியத் தரையில போட்டு மிதிக்க வெச்சானே, அந்தப் பையன்தானே? அப்பவே நெனச்சேன்லா, இவனுக்கு இந்த ஊரு ஒட்டாதுன்னு" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்துவிடுகிறவர். பன்னிரண்டு வருஷமாக இந்தத் தாமானில் எல்லாரும் நம்பும் ஒன்றைத்தான் அவரும் சொன்னார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அப்ப சின்ன வயசு" என்றேன். அவ்வளவுதான். முடிவெட்டுக்காரர் தலையைக் குனியச் சொன்னார், குனிந்துகொண்டேன். எனக்கும் அது வசதியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்தபோது வழக்கம்போல அந்தப் பேச்சை எடுத்தேன். "அன்னிக்கு ஹாஜி மட்டும் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா நீயும் இங்கயே இருந்திருப்பியோ என்னமோ" என்றேன். சங்கத் தலைவர் ஹாஜியைக் குறை சொல்லும் இந்தப் பேச்சை நான் பல வருஷமாகப் பல பேரிடம் சொல்லி வந்திருக்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. நீயோ, "ஹாஜி மேல எனக்கு என்னா கோவம் பா? அவரு சொன்னது சரிதானே" என்றாய். "சரி, வேலை இருக்கு, வெக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். ஹாஜி மேல் இல்லை என்றால் யார் மேல் என்று நீ சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் எழுதியதாக ஒரு தாளில் இருக்க வேண்டும். நீ அப்போது ஐந்தாம் படிவம், பதினேழு வயது. பள்ளிக்கூடக் கோலக் குழுவில் நீதான் தலைவன், பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த தீபாவளிக் கோலப் போட்டியில் பரிசு வாங்கி வந்திருந்தாய். ஆம்பிளைப் பையன் தரையில் குந்திக் கோலம் போடுகிறானே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது உண்மை. அந்தப் பரிசைப் பார்த்த பிறகு அது போய்விட்டது. அந்த வருஷம் மெர்டேக்கா சுதந்திர தின விழாவுக்கு நுழைவாயில் அலங்காரம் இந்தியர்கள் பொறுப்பு என்று சங்கத்தில் பேசி முடித்திருந்தோம். சீனர்கள் மேடை, மலாய்க்காரர்கள் கொடிக்கம்பமும் சாப்பாடும். வாழைமரமும் தோரணமும் கட்டலாம் என்று நான் நினைத்திருந்தேன். நீதான், "பா, வண்ண அரிசியில நம்ம கொடியவே போட்டா எப்படி இருக்கும்? பத்தடிக்கு அஞ்சடி" என்று கேட்டாய்.

கட்டம் போட்ட தாளில் வரைந்து, வண்ணப் பென்சிலால் தீட்டி, சமையலறை மேசையில் என் முன்னால் வைத்தாய். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வெறுமனே பார்க்கவில்லை. கோடுகளை விரல் வைத்து எண்ணினேன். பதிமூன்றுதான் இருந்தது. "டேய், பதினாலு வரணும். ஒண்ணு விட்டுப்போச்சு, திருத்து" என்றேன். நட்சத்திரத்தின் முனைகளையும் எண்ணச் சொன்னேன். திருத்திக்கொண்டு வந்து மறுபடியும் காட்டினாய். "நல்லாருக்கு. ஜோராப் பண்ணிடு" என்று உன் முதுகில் தட்டினேன். அம்மா அடுப்பண்டை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோலத்தில் என் கை எந்த அளவு இருந்தது என்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன். கோடு எண்ணித் திருத்தியவனுக்கு, அது தரையில் வரப்போகிறது, அதுவும் ஆள் நுழையும் வாசலில், என்பது தோன்றவே இல்லை. தோன்றாததற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

விழா அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு நீயும் உன் பள்ளி நண்பர்கள் இருவரும் சங்க மண்டபத்துக்குப் போய்விட்டீர்கள். அம்மா இரண்டு நாளாக அரிசிக்குச் சாயம் ஏற்றிக் காயவைத்திருந்தாள். ஏழரைக்கு நான் போனபோது வேலை முடிந்திருந்தது. முகிலா, அவ்வளவு நேர்த்தியான கோலத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை. நீ முட்டி எல்லாம் சிவப்பும் நீலமுமாக, சிரித்துக்கொண்டே நின்றாய். ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். நம்மவர்கள் ஓரமாக ஒதுங்கி, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். பிறகு மலாய்க்காரர்கள் சிலர் வந்தார்கள், வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். உள்ளே வரவில்லை. அவர்களுக்குள் ஏதோ முணுமுணுப்பு. ஒரு சின்னக் குழந்தை அம்மா கையை விட்டுவிட்டு ஓடிவந்து நேராகக் கொடியிலிருந்த பிறையின் மேல் காலை வைத்தது. நின்றவர்களில் ஒருவர் "அல்லாஹ்!" என்று சத்தம் போட்டார். சிறப்பு விருந்தினர் வர இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.

சங்கத் தலைவர் ஹாஜி ரோஸ்லி என்னிடம் வந்தார். அவர் கத்தவில்லை, அதை நான் பலமுறை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். மெதுவாகத்தான் கேட்டார். "பெண்டேரா கீத்தா, செக்ரெட்டரி. மானா போலே லெத்தாக் டி லந்தை" என்றார். நம் கொடி ஆயிற்றே செயலாளரே, அதைத் தரையில் எப்படி வைக்கலாம் என்று கேட்டார். அவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. அந்த ஒரு நொடியில் நான் சொல்லியிருக்க வேண்டியது, "ஹாஜி, படத்தைப் பார்த்துச் சரி சொன்னது நான்தான். எங்கள் வழக்கத்தில் இது மரியாதை. உங்கள் மனம் புண்படும் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது." சொல்லத் தெரியாதா எனக்கு? உன் அப்பனின் மலாய் சுத்தமான மலாய். நான் சொன்னது, "எனக்குத் தெரியாது ஹாஜி, பையன் அவனாகவே செய்துவிட்டான்." சொல்லிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி உன் பக்கம் திரும்பினேன். "யாரக் கேட்டுடா இதப் போட்ட? கூட்டு. எல்லாத்தையும் கூட்டித் தள்ளு!" என்று கத்தினேன். மூலையில் இருந்த துடைப்பத்தை நானே எடுத்து உன் கையில் கொடுத்தேன்.

நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அப்பா விளையாடுகிறாரோ என்று பார்ப்பதைப்போல இருந்தது. பிறகு புரிந்துகொண்டு துடைப்பத்தை வாங்கிக் கூட்டினாய். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்பர்கள் இருவரும் உதவ வந்தபோது தள்ளிப் போகச் சொன்னாய். அரிசியைச் சாக்கில் அள்ளிக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்துபோய்விட்டாய். நான் உள்ளே போய், துணி போர்த்திய முன்வரிசை நாற்காலியில், 'செயலாளர்' என்று தாள் ஒட்டிய இடத்தில் உட்கார்ந்து, தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று பாடினேன். என் குரலில் ஒரு பிசிறும் இல்லை. இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அன்று மத்தியானம் அம்மா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அந்தப் படம் இந்த மேசையிலதான் இருந்துச்சு. நீங்க கோடு எண்ணினீங்க. அவன் ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்க மானம் போயிருக்கும். அவன் உங்களக் காட்டிக் குடுக்கல, நீங்கதான் அவனக் காட்டிக் குடுத்தீங்க" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பெரிசு பண்ணாதே, நாலு நாள்ல மறந்துடுவாங்க" என்றேன். அவள் அதோடு விட்டாள். ஆனால் அன்றிலிருந்து அந்த மண்டபத்துப் படியை அவள் மிதிக்கவில்லை. பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டேன், ஹரிராயாப் பெருநாள் விருந்துக்குக் கூப்பிட்டேன். "நீங்க போய்ட்டு வாங்க" என்பாள். நானும் போய்விட்டு வந்தேன். கூட்டக் குறிப்பில் அந்த வருஷ விழாவைப் பற்றி நான் எழுதியது ஒரே வரி: 'நுழைவாயில் அலங்காரத்தில் சிறு தவறு நேர்ந்தது, உடனே சரிசெய்யப்பட்டது.' யாரால் நேர்ந்தது, யார் சரிசெய்தது, ஒன்றும் கிடையாது. அப்படி எழுதுவதில் உன் அப்பா கெட்டிக்காரன்.

அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாளாக யோசித்துப் பார்த்தேன். கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் குமாஸ்தாவாக முப்பது வருஷம் இருந்தேன் அல்லவா, அங்கே நான் முதலில் கற்றுக்கொண்ட பாடம், பெட்டி தப்பான கப்பலில் ஏறிவிட்டால் "எனக்குத் தெரியாது பாஸ்" என்று எல்லாருக்கும் முந்திச் சொல்வது. முதலில் சொல்கிறவன் தப்பித்தான். கடைசியில் வாய் திறக்கிறவன் தலையில் விடிந்தது. அது நாக்கிலேயே தங்கிவிட்டது. இன்னொன்று, அந்த நாற்காலி. நம் தாமானில் முதன்முதலாகச் சங்கப் பொறுப்புக்கு வந்த இந்தியன் நான். 'என்சிக் செக்ரெட்டரி', அதாவது செயலாளர் ஐயா, என்று மலாய்க்காரரும் சீனரும் கூப்பிடும்போது எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். அந்தப் பெயர் என் ஒருவனுக்கு மட்டுமல்ல, நம் எல்லாருக்கும் கிடைத்த மரியாதை என்று சொல்லிக்கொள்வேன். அதைக் காப்பாற்றவே உன்னை விட்டுக்கொடுத்ததாகக்கூட நினைத்துக்கொண்டேன். சுத்தப் பொய். காப்பாற்றியது என் நாற்காலியை மட்டும்தான்.

நீ ஹாஜியிடம் எப்படி இருந்தாய் என்பதையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், பார்த்தும் புரியாதவனாக நடித்தேன். அடுத்த வருஷமே அவருடைய கைபேசி கெட்டுப்போய், வீட்டுக்கே வந்து உன்னிடம் கொடுத்தார். வாசல்படியில் அவரோடு உட்கார்ந்து அரை மணி நேரம் அதைச் சரிசெய்து, எண்களையெல்லாம் பெரிய எழுத்தாக்கிக் கொடுத்தாய். உன் கல்யாணத்துக்கு அவர் பாத்திக் சட்டையில் குடும்பத்தோடு வந்தபோது, மணவறையிலிருந்து இறங்கிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். ஆனால் மெர்டேக்கா வந்தால் மட்டும் உனக்கு எங்காவது வேலை வந்துவிடும். ஹாஜியை வீட்டில் பார்ப்பாய், கடையில் பார்ப்பாய். அந்த மண்டபத்தில், நான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மட்டும் நிற்க மாட்டாய். நானோ ஊரெல்லாம், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாட்டு மேல பிடிப்பு இல்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் தப்பை மறைக்க நாட்டையும் ஹாஜியையும் முன்னால் நிறுத்திவிட்டேன்.

எது சரி, எது தப்பு என்பதையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் சொல்ல உதவும். நமக்குத் தரை என்றால் தாழ்வு இல்லை. லட்சுமி வருவதற்கு வாசலில்தான் கோலம் போடுகிறோம். சாமிக்குப் படையல் வைக்கும்போதும் வாழையிலை தரையில்தான் கிடக்கிறது. பெரியவர்களைக் கும்பிடத் தரையில் விழுகிறோம். அதனால்தான் கொடியைத் தரையில் போடுவது உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும் உறுத்தவே இல்லை. இருப்பதிலேயே உசத்தியான இடத்தில் வைத்ததாகத்தான் நினைத்தோம். அவர்களுக்குக் கொடியின் இடம் மேலே. அது தரையில் பட்டாலே மனசு பதறும், கால் படுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்கள் பதறியதிலும் தப்பு இல்லை, நீ போட்டதிலும் தப்பு இல்லை. இரண்டு பக்கத்தாரும் மரியாதைதான் செய்தார்கள். அதை இரண்டு மொழியிலும் எடுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நடுவில் நின்றான். அவன் வாயை மூடிக்கொண்டான். தப்பு அங்கே மட்டும்தான் நடந்தது.

பெர்த்தில் உனக்கும் இப்படி ஒன்று நடக்கும். நீ மரியாதை என்று செய்வது அங்கே வேறுவிதமாகப் படும். படட்டும், கேட்டுத் தெரிந்துகொள், திருத்திக்கொள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் உன் பிள்ளை நாலு பேர் முன்னால் அப்படி மாட்டிக்கொண்டால், முதலில் போய் அதன் பக்கத்தில் நின்றுகொள். நியாயம் எது என்று அப்புறம் விசாரிக்கலாம். வீட்டுக்கு வந்து கண்டிக்க வேண்டுமானாலும் கண்டி. ஆனால் அந்த நேரத்தில் அதன் தோளில் உன் கை இருக்க வேண்டும். எனக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்தும் செய்யவில்லை.

போன வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டம் நடந்தது. இந்த வருஷ மெர்டேக்கா ஏற்பாடுகள். எட்டுப் பேர். வழக்கம்போல முதல் அம்சம், முந்தைய கூட்டக் குறிப்பை உறுதிப்படுத்துவது. திருத்தம் ஏதாவது உண்டா என்று ஹாஜி கேட்டார். நான் கையைத் தூக்கினேன். "ஒரு திருத்தம் இருக்கு. ஆனா போன கூட்டத்துக் குறிப்பில இல்ல, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தினதில" என்றேன். சங்க உறுப்பினர் மிஸஸ் லிம் சிரித்துவிட்டாள். "ஐயோ செக்ரெட்டரி, அப்ப போட்ட பட்டாசா இப்ப வெடிக்குது?" என்றாள். மலாயில்தான் பேசினோம், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். பழைய கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியைப் படித்தேன். பிறகு திருத்தத்தைப் படித்தேன்: 'நுழைவாயில் கோலத்தின் படம் செயலாளரிடம் முன்கூட்டியே காட்டப்பட்டது. அவர் அதைத் திருத்தி, ஒப்புதல் கொடுத்தார். விழா அன்று அது தமக்குத் தெரியாது என்று அவர் கூறியது பொய்.' படித்து முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை.

ஹாஜிக்கு எழுபத்தைந்து ஆகிறது, காது கொஞ்சம் மந்தம், சரியாகக் கேட்டதா என்று எனக்குச் சந்தேகம். அப்புறம் கேட்டார்: "தெரிஞ்சிருந்துமா பையன் கையில துடைப்பத்தக் குடுத்தே?" ஆமாம் என்றேன். "ஏன்?" என்றார். பயம் என்றேன். "என்னைப் பாத்தா பயம்?" என்று கேட்டார். அதில் நிஜமான வேதனை இருந்தது. "உங்களப் பாத்து இல்ல ஹாஜி. இந்த நாற்காலி போயிடுமோன்னு" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நானும் அன்னிக்கு அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதுக்குப்பா இப்படிப் போட்டேன்னு கேட்டிருந்தா அவன் சொல்லியிருப்பான்" என்றார். பிறகு நிமிர்ந்து, "இங்க எட்டுப் பேர் முன்னால சொல்லிட்டே. அன்னிக்குப் பாத்தது எட்டுப் பேர் இல்லையே செக்ரெட்டரி" என்றார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. குறிப்பைத் திருத்திவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் சொன்னது நியாயம். விழாவில், ஒலிபெருக்கியில், எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். குறிப்பில் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனிப் பின்வாங்க வழி இல்லை. வழி இருந்தாலும் போக மாட்டேன்.

இன்னொரு முடிவும் எடுத்தோம். இந்த வருஷம் நுழைவாயிலில் கோலம் உண்டு. கொடி இல்லை, கொடி கம்பத்தில் இருக்கட்டும். வாசலை ஒட்டி ஓரமாக, நடக்கிற பாதையை விட்டு, பெரிய செம்பருத்திப் பூ. தேசிய மலர் தரையில் பூத்தால் யாருக்கும் வருத்தம் இல்லை என்று நான் ஒவ்வொருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இந்த முறை கேட்க மறக்கவில்லை பார். யார் போடுவது என்று மிஸஸ் லிம் கேட்டபோது நானே போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அறுபத்து நாலு வயதில், வீங்கின முழங்காலோடு, கார் நிறுத்தும் இடத்தில் தினமும் பழகுகிறேன். குந்தினால் எழுந்திருக்க அம்மா கைகொடுக்க வேண்டியிருக்கிறது. நேற்று வந்து பார்த்துவிட்டு, "செம்பருத்தின்னு நீங்க சொல்றீங்க. எனக்கு முட்டகோஸ் மாதிரி தெரியுது" என்றாள். சாயம் ஏற்றிய அரிசியை முறத்தில் பரப்பிக்கொண்டே சொன்னாள். ஆமாம் முகிலா, பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளே அரிசிக்குச் சாயம் ஏற்றினாள். "நீங்க மைக்குல சொல்றதா இருந்தா நான் வரேன். சொல்லலேன்னா அப்பவே எழுந்து வந்துடுவேன்" என்று நிபந்தனையும் போட்டிருக்கிறாள்.

உன்னை வா என்று கூப்பிடவில்லை. ஊரை விட்டுப் போகாதே என்று சொல்லவும் இந்தக் கடிதம் எழுதவில்லை. நல்ல வேலை, போ, சம்பாதி, நன்றாக இரு. உன் மேல் எனக்குப் பாசம் எவ்வளவு என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், உயிரே நீதான். அதனால்தான், கொடியைத் தரையில் போட்டவன் என்ற பேரோடு நீ விமானம் ஏறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது உன் பேர் இல்லை. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்குத் தகுதி வரவில்லை. முதலில் வேலையை முடிக்கிறேன், கேட்பதை அப்புறம் கேட்கிறேன். அந்தப் பின்வரிசை வீட்டுக்காரரும் வருவார், அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன், காலையிலேயே வந்து முன்னால் உட்காருங்கள் என்று.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி காலை, கொடியேற்றித் தேசிய கீதம் பாடி முடித்ததும், நான் பேசுகிறேன். நாலே வரி, மலாயில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரியில் உன் முழுப் பெயர் வருகிறது. இரண்டாவதில், அவன் என்னிடம் காட்டினான், நான் சரி என்றேன் என்று. மூன்றாவதில், நான் பொய் சொன்னேன் என்று. இந்த மூன்றும் தடையில்லாமல் வருகிறது. இவன் என் மகன், இவன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்கிற நாலாவது வரியில்தான் ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இன்று காலையும் அப்படித்தான் ஆயிற்று, பாதியில் நின்றுவிட்டேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அடைச்சா தண்ணியக் குடிச்சிட்டுச் சொல்லுங்க. சொல்லி முடிக்காம மட்டும் இறங்கிடாதீங்க."

இறங்க மாட்டேன்.

அப்பா